கேளுங்க சிஸ்டர்: ஆஸ்பத்திரில யாருக்கு என்ன கலரு?

போன இதழ்ல ஒரு வாசகி, ஆஸ்பத்திரில ஆளாளுக்கு ஒரு கலர்ல டிரெஸ் போட்டிருக்காங்க, யாரு நர்ஸ் யாரு டெக்னீஷியன்னே தெரிய மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தாங்க. இடம் இல்லாததால நாலு வரில பதில் போட்டு முடிச்சுட்டேன். இப்ப பாத்தா பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் அதே கேள்விதான் வேற வேற ரூபத்துல வந்து குவிஞ்சிருக்கு, அதனால சுகர், மூட்டுவலி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

சிஸ்டர், ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். நீலச் சட்டை போட்ட ஒருத்தர் வந்தாரு, அவர்கிட்ட அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு, முன்னாடி இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சது எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னேன், அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்த டாக்டரம்மா முதல்ல இருந்து கேக்குறாங்க. அப்புறம்தான் தெரியுது, நான் இவ்வளவு நேரம் பேசுனது ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர்கிட்ட. ஆளு தெரியணும்னுதானே கலர் கலரா போடுறாங்க, எங்களுக்கு ஏன் தெரியல?
(மீனவர், பாம்பன்)

தம்பி, அப்பா இப்ப நல்லா இருக்காருன்னு கடைசி வரில எழுதியிருந்தீங்க, சந்தோசம்.

உள்ளதச் சொல்றேன், கலர் சீருடைய ஆஸ்பத்திரிக்காரங்க போடுறது முதல்ல அவங்க வசதிக்குத்தான். வார்டுல எத்தனை ஸ்டாஃப் நர்ஸ் நிக்கிறாங்க, லேப்ல இருந்து ரத்தம் எடுக்க ஆளு வந்தாச்சா, சம்பந்தமில்லாத யாராவது ஐ.சி.யூக்குள்ள நடமாடுறாங்களா, இதெல்லாம் நர்சிங் சூப்பிரண்டு வாசல்ல நின்னுக்கிட்டே ஒரே பார்வைல கண்டுபிடிச்சிடலாம். அவங்களுக்கு எந்தக் கலர் எந்த வேலைன்னு மனப்பாடம். நமக்கு யாராவது சொன்னாத்தானே தெரியும்? அதுலயும் ஒரு ஆஸ்பத்திரில கருநீலம்னா ஹெட் நர்ஸ், அடுத்த தெருவுல இருக்க ஆஸ்பத்திரில அதே கருநீலம் செக்யூரிட்டி, கேஸ் சரியில்லைன்னு மதுரைக்கு அனுப்புனா அங்க அதே கலர்ல எக்ஸ்ரே எடுக்குறவர் வந்து நிப்பாரு. ஜனங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

உங்க பாம்பன் துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்துறாங்கன்னா தூத்துக்குடிலயும் நாகப்பட்டினத்துலயும் ஒண்ணாம் நம்பருக்கு அதே அர்த்தம்தான், பகல்ல கூம்பும் உருளையும், ராத்திரில சிவப்பு வெள்ளை விளக்கு, உங்க வீட்டுச் சின்னப் பையன் கூட மூணாம் நம்பருக்கும் பத்தாம் நம்பருக்கும் வித்தியாசம் சொல்லிடுவான். எல்லாத் துறைமுகத்துக்கும் சேத்து ஒரே கணக்கு வச்சதாலதான் அது வேலை செய்யுது. ஆஸ்பத்திரி கலருக்கு நம்ம பக்கம் அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்ல, ஆளாளுக்கு டெய்லர் கடைல எந்தத் துணி இருந்துச்சோ அது. வேல்ஸ்லயும் ஸ்காட்லாந்துலயும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நாடு முழுக்க ஒரே சீருடைத் திட்டம் வச்சிருக்காங்க, வேல்ஸ்ல வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர்னா எந்த ஊரு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கருநீலம்தான். அந்த ஊரு நோயாளி ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா போதும்.

இங்க அந்த அளவுக்கு வர்ற வரைக்கும் குறைஞ்சபட்சம் ஒரு போர்டாவது வைக்கலாம். வைக்கிறாங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிச்சு கேஷ் கவுண்டர் பக்கத்துல மாட்டிருப்பாங்க, நெஞ்சுவலிக்காரரைத் தூக்கிட்டு வர்றவன் அங்க நின்னு படிச்சுக்கிட்டா இருப்பான்? கேஷுவாலிட்டி வாசல்லயும் ஒவ்வொரு வார்டு வாசல்லயும், தமிழ்ல, அந்தந்த கலர்லயே ஒரு ஆள் படம் போட்டு 'இவர் நர்ஸ், இவர் லேப், இவர் உதவியாளர்'னு பெருசா எழுதி வச்சாத்தான் அந்தக் கலருக்கு நீங்க குடுத்த காசுக்குப் பிரயோஜனம். ஆமா, அந்த யூனிஃபார்ம் காசும் கடைசில உங்க பில்லுலதான் ஏறுது.

அடுத்த தடவைக்கு ஒண்ணு சொல்றேன், சட்டைய பாக்காதீங்க, பேனாவைப் பாருங்க. கேஸ் ஷீட்டைக் கைல வச்சுக்கிட்டு யாரு எழுதுறாங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க டாக்டராவோ நர்ஸாவோதான் இருப்பாங்க. சந்தேகமா இருந்தா 'நீங்க டாக்டரா, நர்ஸா'ன்னு நேரா கேளுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். ஸ்டென்ட் வச்சவர்னா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை பேரு, கடைசியா எப்ப போட்டாரு, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா, இது மூணும் கட்டாயம் காதுல விழணும். டிஸ்சார்ஜ் சம்மரிய போட்டோ எடுத்து உங்க ஃபோன்லயும் வீட்டுல இன்னொருத்தர் ஃபோன்லயும் வச்சுக்கங்க, நீங்க கடலுக்குப் போயிருக்கும்போது வலி வந்தா என்ன பண்ணுவாங்க?

அந்த ஸ்ட்ரெச்சர்காரர் மேல எனக்கு ஒரு சின்னக் கோவம். 'நான் நர்ஸ் இல்லண்ணே, உள்ள சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். அப்படிச் சொல்லணும்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க, அதுவும் உண்மைதான்.

ஆபரேஷன் தியேட்டர்ல மட்டும் ஏன் எல்லாரும் பச்சை இல்லாட்டி நீலம் போடுறாங்க? வெள்ளைதான சுத்தம்?
(பிளஸ் டூ மாணவி, ராமேஸ்வரம்)

கண்ணு, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. அடுக்களைல முண்டு மிளகாய் வத்தல் இருக்கும்ல, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே நம்ம ராமநாதபுரம் முண்டு, அதுல நல்லா செவந்ததா ஒரு கைப்பிடி அள்ளி வெள்ளைத் தட்டுல குமிச்சு வை. நல்ல வெளிச்சத்துல அரை நிமிசம் கண்ணை அசைக்காம அதையே உத்துப் பாரு. அப்புறம் டக்குனு வெள்ளைச் சுவத்தைப் பாரு. வத்தல் குவியல் இருந்த அதே வடிவத்துல பச்சையும் நீலமும் கலந்தாப்புல ஒரு நிழல் மிதக்கும், பாத்தியா?

உள்ள நடக்குறது என்னன்னா, நம்ம கண்ணுல சிவப்பை உணர்ற செல்லு ரொம்ப நேரம் சிவப்பையே பாத்தா சோர்ந்து போயிரும். வெள்ளையைப் பாக்கும்போது மத்த செல்லெல்லாம் முழு பலத்தோட வேலை செய்ய, இது மட்டும் மந்தமா இருக்க, மூளைக்கு பச்சையாத் தெரியும். வயித்தைத் திறந்து மணிக்கணக்கா ரத்தத்தையே பாத்துக்கிட்டிருக்க டாக்டர் தலையை நிமித்தி பக்கத்துல இருக்கவங்க வெள்ளை டிரெஸ்ஸைப் பாத்தா எங்க பாத்தாலும் இந்த நிழல் வந்து மறைக்கும், போதாததுக்கு தியேட்டர் லைட்டு வெள்ளைத் துணில பட்டுக் கண்ணு கூசும். துணியே பச்சையா இருந்தா நிழல் அதுலயே கரைஞ்சு போயிரும், கண்ணுக்கும் ஓய்வு, திரும்பக் குனிஞ்சு பாக்கும்போது சிவப்புல இருக்க நுணுக்கமும் நல்லா தெரியும்.

இதை யோசிச்சு மொதல்ல செஞ்சவங்கள்ல ஒருத்தர் சான் ஃபிரான்சிஸ்கோ சர்ஜன் ஹாரி ஷெர்மன், 1914ல தன்னோட தியேட்டர் சுவரு, தரை, துணின்னு பச்சைக்கு மாத்தினாரு. அதுக்கு முன்னாடி ஒரு காலத்துல சர்ஜன்னா கறுப்புக் கோட்டுதான், ரத்தக்கறை படிஞ்ச கோட்டைப் பெருமையா மாட்டிக்கிட்டு வருவாங்களாம். 1867ல பிரிட்டிஷ் சர்ஜன் ஜோசப் லிஸ்டர் கிருமிநாசினி முறையை எழுதி வெளியிட்டாரு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சுத்தம்னா வெள்ளைன்னு வந்துச்சு. ஆக வெள்ளைக்கே ரொம்ப வயசு இல்ல.

வத்தல் தொட்ட கையோட கண்ணைத் தேச்சுடாத, அப்புறம் என்னைத் திட்டுவ.

மச்சானுக்கு படகு வின்ச்சுல விரல் மாட்டி நசுங்கி ரத்தம் கொட்ட கொட்டக் கொண்டு போனோம். மஞ்சள்னு சொல்லி ஒரு பக்கம் உக்கார வச்சுட்டாங்க. எங்களுக்கு அப்புறம் 108ல வந்த ஒரு பெரியவருக்கு ஒரு சொட்டு ரத்தம் இல்ல, அவரை சிவப்புன்னு நேரா உள்ள கொண்டு போறாங்க. வசதியான ஆளுன்னா முதல்ல பாப்பாங்களா?
(வாசகர், மண்டபம்)

இல்லய்யா, அந்த இடத்துல வசதி வேலை செய்யாது. நம்ம மாநிலத்துல அரசு ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுகள்ல வந்த வரிசைல பாக்குறதில்ல, மூச்சு, நாடி, பிரஷர், நினைவு இதெல்லாம் வாசல்லயே பாத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சிடுவாங்க. சிவப்புன்னா இந்த நிமிசமே பாக்கலைன்னா உயிர் போயிரும், மஞ்சள்னா சீக்கிரம் பாக்கணும் ஆனா கொஞ்ச நேரம் தாங்கும், பச்சைன்னா நடந்து வந்தவங்க. அந்தப் பெரியவர் நினைவில்லாம இருந்திருப்பாரு, இல்ல மூச்சு தடுமாறியிருக்கும். நசுங்குன விரல் பாக்கப் பயங்கரமாத்தான் இருக்கும், வலியும் உயிர் போற வலி, ஆனா மச்சான் உங்ககிட்ட பேசிக்கிட்டு இருந்தாரு இல்லையா?

ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, குடுத்த கலர் அப்படியே நிக்கணும்னு இல்ல. உக்காந்திருக்கும்போது ஆளுக்குக் குப்புன்னு வேர்த்தாலோ, மயக்கமா வந்தாலோ, கட்டுத் துணியைத் தாண்டி ரத்தம் ஊறினாலோ உடனே எந்திரிச்சுப் போய் சொல்லுங்க, மறுபடி பாத்து மாத்துவாங்க. வாய மூடிக்கிட்டு மரியாதையா உக்காந்திருக்குற இடம் அது இல்ல.

ஆஸ்பத்திரி மைக்ல 'கோட் ப்ளூ'ன்னு சொன்னதும் நாலஞ்சு பேரு வேற வேற கலர் டிரெஸ்ல தடதடன்னு ஓடுறாங்க, என்ன அது?
(வாசகி, பரமக்குடி)

ஒருத்தருக்கு இதயமோ மூச்சோ நின்னு போச்சுன்னு அர்த்தம்மா. 'கோட் ரெட்'ன்னா தீ, 'கோட் பிங்க்'ன்னா குழந்தையைக் காணோம். சொன்னதும் நீங்க பண்ண வேண்டியது வராண்டாவுல நடுவுல நிக்காம சுவரோரமா ஒதுங்குறதுதான், கூடைய, ஃபிளாஸ்க்கை எல்லாம் நடைல வைக்காதீங்க.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். கை முழுக்க மூடுன சட்டை போடக்கூடாதுன்னு காலேஜ்ல சொல்றாங்களாம். படிப்பையே நிப்பாட்டிடலாமான்னு வீட்டுல பேச்சு. எனக்கு மனசு கேக்கல.
(ஒரு உம்மா, கீழக்கரை)

லாத்தா, படிப்பை நிப்பாட்டுற பேச்சை மொதல்ல நிப்பாட்டுங்க. இதுக்கு வழி இருக்கு.

முழுக்கைய வேணாம்னு சொல்றது மார்க்கத்துக்கு எதிரா இல்ல, கைகழுவுறதுக்காக. நோயாளியத் தொடுறதுக்கு முன்னாடியும் தொட்டதுக்கு அப்புறமும் மணிக்கட்டு வரைக்கும் கழுவணும், சட்டைக் கை தொங்குனா நனையும், இல்ல நனையக்கூடாதுன்னு கழுவாம விட்டுடுவாங்க, புண்ணுல, கட்டுல, படுக்கைல உரசும். டாக்டர்மாருங்க போடுற வெள்ளைக் கோட்டுலயே கைமுனையும் பாக்கெட்டும்தான் கிருமி அதிகம் ஒட்டுற இடம்னு பாத்திருக்காங்க. அதனாலதான் இங்கிலாந்துல 2007ல முழங்கைக்குக் கீழ எதுவும் வேணாம்னு உத்தரவு போட்டு டாக்டர்களோட நீளக்கைக் கோட்டையே கழட்ட வச்சாங்க. அங்கயும் உங்க மக மாதிரி பிள்ளைங்க இதே கேள்வியக் கேட்டுத்தான் 2010ல விதியக் கொஞ்சம் தளர்த்துனாங்க, நோயாளியத் தொடாத நேரத்துல கைய மூடிக்கலாம், தொடும்போது மேல தள்ளி விட்டுக்கிற மாதிரி முக்கால் கை போடலாம், ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடுற, முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் மூடுற உறை மாட்டிக்கலாம்னு.

இதையே மகளை விட்டு பிரின்சிபால்கிட்ட பணிவா கேக்கச் சொல்லுங்க, முக்கால் கை இங்கயும் நிறைய இடத்துல ஒத்துக்குறாங்க. தலைல கட்டுறது பிரச்சனையே இல்ல, நுனி தொங்காம உள்ள செருகிக்கணும், தினமும் துவைச்சதா இருக்கணும். தியேட்டருக்குள்ள போனா எல்லாருக்குமே தலைய மூடித்தான் ஆகணும். இன்னொண்ணும் உங்க வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லுங்க, இது உங்க பிள்ளைக்கு மட்டும் போட்ட சட்டம் இல்ல, கண்ணாடி வளையல் போட்ட பிள்ளையும் கழட்டணும், கோயில்ல கட்டுன கயிறும் கைல இருக்கக்கூடாது, வாட்ச்சும் மோதிரமும் கூட வேணாம்.

நான் ஒப்பந்தத்துல துப்புரவு வேலை பாக்குறேன் சிஸ்டர். எங்களுக்கு ஒரு கலர் சேலை குடுத்தாங்க. அதுல இருந்து பேரு போச்சு, அந்தக் கலரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நர்ஸ் ரூம்ல தண்ணி குடிக்கப் போனா கூட 'இந்தக் கலர் உள்ள வரக்கூடாது'ங்கிறாங்க.
(பேர் வேண்டாம், ராமநாதபுரம்)

தங்கச்சி, இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

வேலையக் காட்டத்தான் கலரு, ஆளை ஒதுக்கி வைக்க இல்ல. தொத்து நோய் வார்டுல இருந்து வர்றவங்க சமையல் பக்கம் போகக்கூடாதுன்னு சொன்னா அதுல அர்த்தம் இருக்கு, அது டாக்டருக்கும் சேத்துத்தான். தண்ணிப் பானைக்கு என்ன கலரு? இந்த மாதிரி நடக்குற இடத்துல சீருடை கலரை மாத்தி ஒண்ணும் ஆகாது, நெஞ்சுல தமிழ்ல பெருசா பேரு எழுதுன பேட்ஜ் குடுக்கணும், டாக்டருக்கு எவ்வளவு பெரிய எழுத்தோ அதே அளவுல உங்களுக்கும். பேரு கண்ணு முன்னாடி இருக்கும்போது கலரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு கொஞ்சமாவது கூசும்.

ஒரு வேடிக்கையச் சொல்லவா? ஆஸ்பத்திரில நாடு முழுக்க ஒரே கலர்னு சட்டம் போட்டு வச்சிருக்கிறது குப்பைக்குத்தான். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி கட்டுத்துணி, பஞ்சு, வெட்டி எடுத்த சதை, காலாவதி மருந்து எல்லாம் மஞ்சள், டிரிப்ஸ் குழாய், கையுறை, ஊசி இல்லாத சிரிஞ்சு எல்லாம் சிவப்பு, ஊசி பிளேடு மாதிரி குத்துறதெல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா, கண்ணாடி பாட்டிலெல்லாம் நீலம். இதை உங்களை விட நல்லா தெரிஞ்சவங்க அந்த பில்டிங்ல யாரு இருக்கா? எத்தனை டாக்டர் சிவப்புல போட வேண்டியதை மஞ்சள்ல வீசிட்டுப் போறதை நீங்க எடுத்து மாத்திருப்பீங்க.

அதே விதில உங்களுக்குச் சேர வேண்டியதும் எழுதிருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க. கழிவத் தொடுற ஒவ்வொருத்தருக்கும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் ஆஸ்பத்திரி போட்டு விடணும், கையுறை, மாஸ்க், பூட்ஸ் குடுக்கணும், வேலைக்குச் சேரும்போது ஒரு தடவையும் அதுக்கப்புறம் வருசத்துக்கு ஒரு தடவையாவதும் உடம்பைச் செக் பண்ணணும். காமாலை ஊசி மூணு தடவை, மொத ஊசில இருந்து ஒரு மாசத்துல ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. காண்ட்ராக்ட்காரர்தான் பாக்கணும்னு சொல்லித் தட்டிக் கழிப்பாங்க, விதிப்படி பொறுப்பு ஆஸ்பத்திரிக்கு. ஊசி குத்திடுச்சுன்னா பயந்து மறைக்காதீங்க, சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவிட்டு அப்பவே கேஷுவாலிட்டில பதிவு பண்ணச் சொல்லுங்க, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ அவ்வளவு நல்லது.

தொண்டி பக்கம் சின்னதா நர்சிங் ஹோம் நடத்துறோம். ஸ்டாஃபுக்கு கலர் யூனிஃபார்ம் போடலாம்னு இருக்கோம். என்ன கலர் எடுக்கலாம், யோசனை சொல்லுங்க.

சார், கலர் கம்மியா எடுங்க. நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. நர்ஸ், லேப் எக்ஸ்ரே ஆளுங்க, உதவியாளர்கள், துப்புரவு, ரிசப்ஷன், அவ்வளவுதான். பத்து கலர் வச்சா உங்களுக்கே நினைப்பிருக்காது. ஒரே கலர்ல வெளிர், அடர்னு பிரிச்சு சீனியர் ஜூனியர்னு வைக்கிறாங்க பாருங்க, அதை மட்டும் வேணாம். நம்ம ஊர் போர் தண்ணியும் பிளீச்சிங்கும் பட்டு ஆறே மாசத்துல அடர்நீலம் வெளிர்நீலமாயிரும், ஹெட் நர்ஸ் சத்தமில்லாம ஜூனியராயிருவாங்க. வயசானவங்களுக்கு கண்ணு லென்ஸ் மஞ்சளாகிப் போயிருக்கும், கருநீலம் கறுப்பு கரும்பச்சை மூணும் அவங்களுக்கு ஒண்ணுதான். ஆம்பளைகள்ல கொஞ்சப் பேருக்கு பிறவிலயே சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. அதனால கலரை மட்டும் நம்பாம முதுகுலயும் நெஞ்சுலயும் 'செவிலியர்', 'ஆய்வகம்', 'உதவியாளர்'னு தமிழ்ல அச்சடிச்சிருங்க, செலவு பெருசா ஆகாது.

நோயாளியத் தொடுற ஆளுங்களுக்கு ரொம்ப அடர்த்தியான கலர் எடுக்காதீங்க. கறை தெரியாதுன்னுதான் எல்லாரும் மெரூன் எடுக்குறாங்க, கறை தெரியலைன்னா துவைக்கவும் தோணாதுல்ல. தூய வெள்ளையும் நம்ம பக்கம் நிக்காது, உப்புத்தண்ணில சோப்பு நுரைக்காது, அலசி அலசி நாலு துவைப்புல பழுப்பாயிரும். காவிரி கூட்டுக்குடிநீர் வர்ற நாள்ல யூனிஃபார்மை மட்டுமாவது அதுல அலச ஏற்பாடு பண்ணுங்க. துணி பருத்தி கலந்த பாலியெஸ்டரா இருக்கட்டும், முழு பாலியெஸ்டர் போட்டுக்கிட்டு நம்ம கடக்கரைப் புழுக்கத்துல பன்னெண்டு மணி நேரம் ஓடுற பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க.

முக்கியமா, முடிஞ்சா துவைக்கிறதை ஆஸ்பத்திரிலயே வச்சுக்கங்க. இங்கிலாந்து வழிகாட்டில 60 டிகிரி வெந்நீர்ல பத்து நிமிசம் துவைச்சா பெரும்பாலான கிருமி போயிரும்னு சொல்லிருக்காங்க, வீட்டுல வாளில ஊற வச்சு பிள்ளைங்க துணியோட அலசுனா அது நடக்காது. ஆளுக்கு மூணு செட்டாவது குடுங்க, ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடில, ஒண்ணு அவசரத்துக்கு. அந்தக் காசை சம்பளத்துல பிடிக்காதீங்க சார், சின்ன நர்சிங் ஹோம்ல என்ன சம்பளம் குடுப்பாங்கன்னு எனக்கும் தெரியும். மேல சொன்ன பாம்பன் தம்பி கதையப் படிச்சீங்கல்ல, வாசல்ல போர்டு வச்சுட்டு அப்புறமா துணி எடுங்க.

தியேட்டர் பச்சை டிரெஸ்ஸோட டீக்கடைல நிக்கிறாங்களே, சரியா?
(வாசகர், உச்சிப்புளி)

சரியில்ல. தியேட்டர் துணி தியேட்டருக்குள்ள. வெளில வந்தா மாத்தணும், திரும்ப உள்ள போனா புதுசு போடணும். அவங்களுக்கு டீ குடிக்க உள்ள ஒரு இடம் இருக்கான்னும் கேட்டுப் பாருங்க, பாதி ஆஸ்பத்திரில இருக்காது.

தம்பியை மனநல சிகிச்சைக்குச் சேத்த இடத்துல நர்ஸுங்க சாதா சுடிதார்ல இருக்காங்க. யூனிஃபார்ம் இல்லைன்னா ஒழுங்கான இடமான்னு சந்தேகமா இருக்கு.
(வாசகி, ஏர்வாடி)

அதை வச்சு சந்தேகப்படாதீங்க. மனநலப் பிரிவுல பல நாடுகள்லயே வேணும்னேதான் சீருடைய விட்டாங்க, காவல்காரங்க கைதி மாதிரி ஒரு இடைவெளி வரக்கூடாதுன்னு. சில பேருக்கு யூனிஃபார்மைப் பாத்தாலே பயம் கூடும். நீங்க பாக்க வேண்டியது வேற, பதிவு பண்ணின இடமா, டாக்டர் வந்து பாக்குறாரா, மருந்துச் சீட்டு உங்க கைல குடுக்குறாங்களா, தம்பியை நீங்க தனியா பாத்துப் பேச விடுறாங்களா. இதுல எதுக்காவது மழுப்புனாங்கன்னா அப்ப சந்தேகப்படுங்க. பேசணும்னு தோணுச்சுன்னா அரசோட மனநல உதவி எண் 14416க்கு ஃபோன் போடுங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

அம்மாவுக்கு வீட்டுல பிரஷர் சரியா இருக்கு, வெள்ளைக் கோட்டைப் பாத்தா ஏறிடுது. நடிக்கிறாங்களா?
(தங்கச்சிமடம்)

நடிப்பு இல்லடா, அதுக்கு வெள்ளைக் கோட் ரத்த அழுத்தம்னே பேரு. டாக்டர் அளந்தா கூடுறது நர்ஸ் அளந்தா அவ்வளவு கூடாதுன்னு கூடப் பாத்திருக்காங்க. அதுக்காக ஆஸ்பத்திரி ரீடிங் பொய்யின்னு மாத்திரைய நிறுத்திடாதீங்க. ஒரு வாரம் காலைலயும் சாயந்திரமும் அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்த பிறகு வீட்டுல அளந்து நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டர் அதை வச்சு முடிவு பண்ணுவாரு.

நர்ஸுங்க தலைல வெள்ளைத் தொப்பி வைப்பாங்களே, அது எங்க போச்சு சிஸ்டர்? அழகா இருக்குமே.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம்)

அழகாத்தான் இருந்துச்சு சார், வச்சுக்கிட்டு வேலை பாத்தவங்களைக் கேளுங்க. குனிஞ்சா டிரிப்ஸ் வயர்ல மாட்டும், நிமிந்தா மானிட்டர்ல இடிக்கும், கஞ்சி போட்டு விறைப்பா வச்சிருக்கணும்னே வாரக்கணக்குல துவைக்காம வச்சிருப்போம், அதுல என்னென்ன குடியிருந்துச்சோ. முடிய மூடவும் மூடாது, உச்சில சும்மா உக்காந்திருக்கும். ஆம்பளை நர்ஸுங்க நிறைய வந்தப்புறம் அவங்களுக்கு எந்தத் தொப்பிய வைக்கிறதுன்னும் யாருக்கும் தெரியல. இப்ப பட்டமளிப்பு போட்டோவுக்கு மட்டும் சில காலேஜ்ல வைக்கிறாங்க. என்னோட தொப்பி பேரப்பிள்ளைங்க டாக்டர் விளையாட்டுல இருக்கு.